உங்களுக்குத் தெரியுமா? பந்தி, கேள்வி, விடை

(சாதாரண தரமும் உயர் தரமும் எழுதப்போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்: ஆங்கில வாசிப்புக் கிரகித்தல் பற்றிச் சில செய்திகள்)

● நான்கு விடையில் ஒன்றைத் தெரிவு செய்யும் முறை கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ முதலில் வரவில்லை. வாசிப்புக்குத்தான் வந்தது. 1915இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் வெளியிட்ட மௌன வாசிப்புச் சோதனையையே இந்த முறையின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஒரே விடைத்தாளுக்கு ஆளுக்கொரு புள்ளி போடும் ஆசிரியர்களைப் பற்றி ஆராய்ந்தவர் அவர். அதனால் திருத்துபவரின் மனநிலைக்கு இடமில்லாத ஒரு தாளைத் தயாரித்தார். நேரம் 5 நிமிடம். அதில் ஒரு கேள்வியில் பசு, புலி, எலி, ஓநாய் என்று நான்கு பெயர்கள் இருக்கும். பண்ணைக்கு உதவும் விலங்கைச் சுற்றிக் கோடு போட வேண்டும். கேள்வியை வாசித்து விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு விடை கையில் இருக்கிறது. “தெரியாவிட்டால் மூன்றாவதைப் போட்டுவிட்டு வா” என்ற டியூட்டரித் தத்துவம் பிறகு வந்த சரக்கு.

● உலகத்திலேயே மிகப் பெரிய கூட்டம் உட்கார்ந்து ஆங்கிலப் பந்தி வாசிக்கும் இடங்களில் ஒன்று சீனா. அங்கே பல்கலைக்கழகம் போக ‘காவோகாவோ’ என்ற பரீட்சையைத் தாண்ட வேண்டும். 2024இல் அதற்குப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 இலட்சம் பேர். நம் நாட்டுச் சனத்தொகையில் பாதிக்கு மேல்! கலாசாரப் புரட்சி தொடங்கிய 1966இல் நிறுத்தப்பட்ட இந்தப் பரீட்சை, 1977 டிசம்பரில்தான் மீண்டும் நடந்தது. அந்த வருடம் சுமார் 57 இலட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது மூன்று இலட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு.

● அந்தப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு மொத்தம் 150 புள்ளி. பெரும்பாலான மாகாணங்களில் இப்போது வழங்கும் தாளில் செவிமடுத்தலுக்கு 30, மொழிப் பயன்பாட்டுக்கு 30, எழுத்துக்கு 40. வாசிப்புக்கு மட்டும் 50. மூன்றில் ஒரு பங்கு வாசிப்புக்கே போகிறது.

● அந்த 50க்குள் ‘ஏழில் ஐந்து’ என்று ஒரு கேள்வி வரும். ஒரு பந்தியிலிருந்து ஐந்து வசனங்களை உருவி எடுத்துவிடுவார்கள். கீழே ஏழு வசனங்கள் தரப்படும். ஐந்தை உரிய இடத்தில் வைக்க வேண்டும். மிச்சம் இரண்டு வழிதவற வைப்பதற்கு. “ஆனால்”, “அதனால்”, “அவர்கள்” போன்ற சின்னச் சொற்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று பார்க்கத் தெரியாதவருக்கு இது சரிவராது. இதற்குக் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கத் தேவையில்லை. ஒரு ஆங்கிலப் பத்திரிகைச் செய்தியைப் பிரதி எடுத்து, ஐந்து வரிகளைக் கத்தரித்துக் கலைத்துப் போட்டு, பிள்ளையிடம் ஒட்டச் சொன்னால் பயிற்சி முடிந்தது.

● அதே தாளில் இன்னொரு கேள்வி. ஏறத்தாழ 350 சொற்களில் ஒரு கதை பாதியில் நிற்கும். அடுத்த இரண்டு பந்திகளின் முதல் வசனங்கள் மட்டும் தரப்பட்டிருக்கும். மிச்சத்தை மாணவரே சுமார் 150 சொற்களில் எழுதி முடிக்க வேண்டும். புள்ளி 25. கதையைச் சரியாக வாசிக்காதவரின் தொடர்ச்சி முதல் வரியிலேயே பிடிபட்டுவிடும். எனக்குத் தெரிந்து கிரகித்தலைச் சோதிக்க இதைவிட நேர்மையான கேள்வி குறைவு.

● இனி நம் பக்கம். இங்கே உயர்தரம் படிப்பதற்குச் சாதாரண தரத்தில் தாய்மொழியும் கணிதமும் சித்தியடைய வேண்டும். ஆங்கிலச் சித்தி கட்டாயமில்லை. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் எல்லாத் துறையினருக்கும் உண்டு. ஆனால் அதன் பெறுபேறு இசட் ஸ்கோரில் சேராது. சேராத பாடத்துக்கு எந்தப் பிள்ளை நேரம் ஒதுக்கும்? கணிதப் பிரிவுப் பிள்ளை இரண்டு வருடத்துக்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு பக்கம்கூட வாசிக்காமல் பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறலாம். பிறகு நேரே போய் நிற்பது ஒலுவிலில். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் போன்ற பீடங்களின் விரிவுரையும் பாடநூலும் ஆங்கிலம். சாய்ந்தமருதுவிலிருந்து பஸ் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேரும் இடம்தான். வாசிப்பில் அந்தத் தூரம் அவ்வளவு சீக்கிரம் தீர்வதில்லை.

● கீழே உள்ளதை வாசித்து விடை சொல்லுங்கள்.

“குமிலன் பட்டவையில் ஒரு சிந்தாரியைத் தொப்பினான். அது வறுகியதால் அவன் மிகவும் நெம்பினான்.”

குமிலன் எங்கே தொப்பினான்? பட்டவையில். எதைத் தொப்பினான்? ஒரு சிந்தாரியை. ஏன் நெம்பினான்? அது வறுகியதால். மூன்றுக்கு மூன்று! ஆனால் சிந்தாரி என்பது மீனா, மாடா, மோட்டார் சைக்கிளா என்று உங்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியை அப்படியே தூக்கி எழுதும் வித்தை பல மாலை வகுப்புகளில் இப்படித்தான் பழக்கப்படுகிறது. புள்ளி விழும், ஆங்கிலம் விழாது. கேள்வி கொஞ்சம் திரும்பிக் கேட்கப்பட்டால் பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

● ஆங்கிலக் கவிஞர் ஜோன் மில்டன் 1652 அளவில் பார்வையை முழுதாக இழந்தார். அவருடைய மகள்மார் லத்தீன், கிரேக்கம் உட்படப் பல மொழி நூல்களை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்கள். பொருள் அந்த மகள்மாருக்குத் தெரியாது. எழுத்தையும் உச்சரிப்பையும் மட்டும் தகப்பன் பழக்கியிருந்தார். 1986இல் கவ், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே ஒரு பெருக்கலாக எழுதினார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியை விளங்கும் திறனையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம்.

இது நம் ஊருக்குப் புதிய சங்கதி இல்லை. மத்ரசாவில் குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளை முதலில் எழுத்தையும் தஜ்வீதையும் படிக்கிறது. பொருளைத் தர்ஜுமாவில் தனியாகப் படிக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலம் என்று வந்தால் மட்டும், பிள்ளை தடங்கலில்லாமல் சத்தமாக வாசித்துவிட்டால் உம்மாவும் வாப்பாவும் பூரித்துப் போகிறார்கள். “இப்ப வாசிச்சதைத் தமிழில் சொல்லு மகன்” என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

● ஒரு பந்தியை உதவியில்லாமல் விளங்க எத்தனை சொல் தெரிந்திருக்க வேண்டும்? ஹூ, நேஷன் ஆகிய இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்லும் கணக்கு, நூற்றுக்கு 98. அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். 200 சொல் பந்தி என்றால் நான்கு. ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்தாறுக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு அந்தப் பிள்ளைக்குரியது இல்லை. வெட்கப்படாமல் ஒரு படி கீழே உள்ளதை எடுப்பதுதான் புத்தி. நாவலையும் பத்திரிகையையும் அப்படித் தாராளமாக வாசிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நேஷன் 2006இல் கணக்கிட்டார்.

● பந்தியில் ஒவ்வோர் ஐந்தாவது சொல்லையும் எடுத்துவிட்டு நிரப்பச் சொல்லும் முறை பாடசாலைக்காகப் பிறந்ததல்ல. 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர், ஒரு எழுத்து வாசகருக்கு எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம் என்று அளப்பதற்கு இதைக் கண்டுபிடித்தார். இதழியல் ஏடு ஒன்றில்தான் அந்தக் கட்டுரை வந்தது. நீங்களும் ஒன்று நிரப்புங்கள்:

“விடியற்காலையில் தோணி வலையைக் கடலுக்குள் ______ போகும். கரையில் நிற்பவர்கள் இரண்டு ______ நின்று கயிற்றை மெல்ல மெல்ல ______. கடைசியில் மடி கரைக்கு வந்ததும் ______ துள்ளும்.”

கரைவலை பார்த்து வளர்ந்த பிள்ளை இதை மூச்சு விடுவதற்குள் நிரப்பிவிடும். நுவரெலியாத் தோட்டத்துப் பிள்ளைக்கும் இதே தமிழ்தான். ஆனால் கடைசி இடைவெளியில் தடுமாறும், மடி என்றால் அதற்கு வலையின் பை அல்ல, அம்மாவின் மடிதான். மொழி ஒன்று, வயது ஒன்று, புள்ளி மட்டும் வேறு.

● இதை ஆய்வாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்தியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் கொடுத்தார்கள். ஒன்று இந்தியக் கலியாணம் பற்றியது, மற்றது அமெரிக்கக் கலியாணம் பற்றியது. அவரவர் ஊர்க் கலியாணத்தை அவரவர் வேகமாக வாசித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மற்றதைத் திருப்பிச் சொன்னபோது கோணலாகிப் போனது. அமெரிக்க மணமகள் பாட்டியின் கலியாண உடுப்பை அணிவது அங்கே குடும்பப் பெருமை. அதை வாசித்த ஒரு இந்தியரோ, பாவம், உடுப்பு பழசு, நாகரிகம் போனது என்று நினைவில் வைத்திருந்தார். ஆங்கிலம் அவருக்கு நன்றாகத் தெரியும்!

1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய பந்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்போல் தெரிந்த பிள்ளைகள், வாசிப்பில் கெட்டிக்காரர்களாக இருந்தும் ஆட்டம் தெரியாதவர்களைத் தாண்டிவிட்டார்கள். நம் ஊரில் கிரிக்கெட் பைத்தியமாகத் திரியும் பையனுக்கு முதல் ஆங்கில வாசிப்பாகக் கிரிக்கெட் செய்தியைக் கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டியதில்லை.

● ‘எளிய ஆங்கில வாசிப்புப் புத்தகம்’ என்ற இனம் வளர்ந்ததில் நம் துணைக்கண்டத்துக்குப் பெரிய பங்குண்டு. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிப்பைப் பாதியில் விட்டுப் போவதைக் கவனித்தார். காப்புறுதியை இடையில் சரண்டர் பண்ணினால் ஏதாவது கைக்கு வருகிறதே, அதுபோல் பாதியில் விட்ட ஆங்கிலப் படிப்பிலும் ஏதாவது மிஞ்ச வேண்டாமா என்று அவர் கேட்டார். பேச்சு மறந்துபோகும், வாசிப்பு நிற்கும் என்பது அவர் முடிவு. 1920களில் சொற்களை அளந்து போட்டு வாசிப்பு நூல்களை எழுதினார். அவர் தொகுத்த சுமார் 2,000 சொற்பட்டியல் 1953இல் வெளிவந்தது.

● அரபை வலமிருந்தும் தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்தும் வாசிக்கும் பிள்ளையின் கண் என்ன செய்கிறது? ஆங்கிலம் வாசிக்கும்போது கண் நிற்கும் இடத்துக்கு இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்தும் வலப்பக்கம் பதினான்கு பதினைந்து எழுத்தும் பயன்படுகின்றன. 1981இல் எபிரேயமும் ஆங்கிலமும் தெரிந்தவர்களைச் சோதித்தார்கள். எபிரேயத்துக்கு மாறியதும் அந்த அகன்ற பரப்பு இடப்பக்கத்துக்கு மாறிவிட்டது. எபிரேயமும் வலமிருந்து வாசிக்கும் மொழி. பயிற்சிதான் கண்ணை நடத்துகிறது.

● 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் என். எஸ். பிரபு நடத்திய பரிசோதனையில் இலக்கணப் பாடமே கிடையாது. ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்துக் கணக்குப் போட வைத்தார்கள். ஆங்கிலம் அந்த வேலைக்குள் வந்து சேர்ந்தது. பஸ் நிலையத்து அட்டவணை கல்முனையிலும் இருக்கிறது.

● கடைசியாக ஒன்று, இதுதான் எனக்கு முக்கியம். நியூசிலாந்தின் வோரிக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாயுடன் சேர்ந்து 1980களின் தொடக்கத்தில் பிஜித் தீவின் கிராமப் பாடசாலைகளுக்குப் படக்கதைப் புத்தகங்களை அள்ளிக் கொடுத்தார். எட்டு மாதத்தில் அந்த வகுப்புகள் மற்ற வகுப்புகளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு முன்னேறின. இதே முறையை 1990களின் நடுப்பகுதியில் எல்லி இலங்கையிலும் சோதித்தார். வசதி குறைந்த சிறிய பாடசாலைகள், வகுப்புக்கு நூறளவு ஆங்கிலக் கதைப் புத்தகம், ஆசிரியருக்குச் சிறு பயிற்சி, அவ்வளவுதான். புத்தகம் கிடைத்த பிள்ளைகள் கிடைக்காதவர்களைவிடத் தெளிவாக முந்தினார்கள். கடந்தகால வினாத்தாள் ஒன்றுகூட அந்தப் புத்தகங்களுக்குள் இருக்கவில்லை. வினாத்தாள் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதம் அதற்குப் போதும். தரம் 9இலிருந்தே அதை மட்டும் செய்வதுதான் வீண்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் முழுவதும் விடுமுறை. அடுத்த நோன்பில் லுஹருக்குப் பிறகு நாளுக்கு 20 நிமிடம் ஒரு எளிய ஆங்கிலக் கதைப் புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். கேள்வி கேட்காதீர்கள், புள்ளி போடாதீர்கள். வீட்டில் வாசித்து முடித்த கதைப் புத்தகங்கள் இருந்தால், பெருநாள் கழிந்ததும் பக்கத்துப் பாடசாலையின் வகுப்பறை அலுமாரிக்குக் கொடுத்துவிடுங்கள்.