உப்பும் சர்க்கரையும்

உப்பும் சர்க்கரையும் பார்வைக்கு ஒரே வெண்மை. அடுப்பில் ஏற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். சர்க்கரை சீக்கிரமே இளகிப் பாகாகிக் கருகுகிறது. உப்போ 801 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில்தான் உருகும். நம் வாணலியில் அது வெடித்துத் துள்ளுவதோடு சரி.

சர்க்கரையில் கரி, ஹைட்ரஜன், பிராணவாயு ஆகியவற்றின் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பொதுவில் வைத்துக்கொண்டு, குடும்பத்துக்கு 45 பேராகக் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. (நம் ஊர்ப் பங்காளிகளைப் போலல்ல!) ஒரு குடும்பத்துக்கும் மற்றொன்றுக்கும் பற்றுதல் சொற்பமே.

உப்பில் பொதுச் சொத்து என்பதே இல்லை. சோடியம் தன் எலக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்குத் தத்தம் செய்துவிடுகிறது. அதனால் நேர் மின்னேற்றமும் எதிர் மின்னேற்றமும் பெற்று இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரின்கள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு குளோரினையும் ஆறு சோடியங்கள். யாருக்கு யார் ஜோடி என்று சொல்ல வழியே இல்லை.

1913ல் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு இதைக் கண்டறிந்தவர் லாரன்ஸ் பிராக். ரசாயனத்தில் பழுத்த ஆங்கிலப் பேராசிரியர் ஆம்ஸ்ட்ராங்குக்கு இது பொறுக்கவில்லை. உப்பைச் சதுரங்கப் பலகையாக்குவது அறிவுக்கே ஒவ்வாதென்று 1927ல் ‘நேச்சர்’ பத்திரிகையில் சீறினார். ஆயுள் முழுதும் ஜோடி ஜோடியாக எண்ணிப் பழகியவரின் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் ஸ்படிகம் பிராக்கின் பக்கமே சாட்சி சொல்லிற்று.

தண்ணீரில் கரைந்தாலும் சர்க்கரைக் குடும்பம் கலைவதில்லை; அந்நீரில் மின்சாரம் அநேகமாக ஓடாது. உப்பு கரைந்ததும் சோடியமும் குளோரினும் தனித்தனியே பிரிந்து மின்சாரத்தைச் சுமக்கின்றன. நமது வேர்வையிலும் கிணற்று நீரிலும் உப்புகள் உண்டு. ஈரக்கையால் ஸ்விட்சைத் தொடுவது அபாயமாவது இதனாலேயே.