அடுப்பங்கரையிலே மூன்று கணினிகள்

2021 ஆம் ஆண்டு டிசெம்பர் 7 ஆம் திகதி அமெரிக்காவிலே பல வீடுகளில் ஒரு விந்தை நிகழ்ந்தது. கைப்பேசி வழியாக ஏவினால் தானே ஊர்ந்து தரையைக் கூட்டும் யந்திரம் அன்று அந்த ஏவலுக்கு இணங்கவில்லை. வாசலில் நிற்பவரைக் காட்டும் கமராவும் காட்சி தர மறுத்தது. அவற்றில் யாதொரு பழுதும் இருக்கவில்லை. வட வேர்ஜீனியாவில் உள்ள அமேசன் நிறுவனத்தின் கணினி நிலையங்களிலே நேர்ந்த கோளாறே காரணம். அந்நிறுவனத்தின் பொதிகளை வீடுதோறும் சேர்ப்பிக்கும் சாரதிகள் கூடப் போகவேண்டிய வழி தெரியாமல் காத்து நின்றனர். 2025 ஒக்டோபர் 20 ஆம் திகதி அதே பகுதியில் மீண்டும் ஒரு கோளாறு ஏற்பட்டு, உலகெங்கும் பல சேவைகள் தடைப்பட்டன.

எங்கோ இருக்கும் நிலையம் இடறினால் நம் வீட்டுக் கருவி ஏன் முடங்க வேண்டும்? முன்னாளில் ஒவ்வொரு வியாபார ஸ்தாபனமும் தனக்கு வேண்டிய கணினிகளைத் தன் கட்டடத்திலேயே வைத்திருந்தது. 2006 இல் அமேசன் தன் கணினிகளைப் பிறருக்கு வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கிற்று. விலைக்கு வாங்கிப் பராமரிப்பதைவிட வேண்டியபோது வேண்டிய அளவு வாடகைக்கு எடுப்பது இலகு என்று கண்ட ஸ்தாபனங்கள் தம் கணக்குகளையும் காரியங்களையும் அங்கே ஒப்படைத்தன. இதுவே மேகக் கணிமை. பெயரிலே மேகம் இருந்தாலும், யந்திரங்கள் நிற்பதோ மண்ணிலேதான்.

ஆயினும் எல்லாக் காரியங்களையும் தொலைவிலே கேட்டுச் செய்தல் தகுமா? உலை கொதிக்கும்போது உப்புப் போதுமா என்று பட்டணத்திலுள்ள தமக்கைக்குக் கடிதம் எழுதிக் கேட்பார் உண்டோ! காரியம் நடக்கும் இடத்திலேயே ஒரு சிறு கணினியை வைத்து, உடனடியான முடிவுகளை அங்கேயே எடுப்பதுதான் விளிம்புக் கணிமை. இதையும் மேகத்தையும் ஒருங்கே கையாள்வது கலப்பு முறை.

இதற்கு நல்ல உதாரணம் சிக்-பில்-ஏ என்னும் அமெரிக்க உணவகத் தொகுதி. ட்ரூயெற் கதி என்பவர் 1946 இல் அட்லாண்டாவுக்கு அருகே ஹேப்வில்லில் திறந்த சிறு உணவகத்திலிருந்து வளர்ந்தது இது. ஞாயிறு தோறும் கடையை மூடிவிடுவது அன்று தொட்டு இவர்கள் வழக்கம். உள்ளங்கையளவான மூன்று சிறு கணினிகளைத் தம் உணவகம் ஒவ்வொன்றிலும் வைக்கும் ஏற்பாட்டைப் பற்றி இந்நிறுவனத்தின் பொறியியலாளர் 2018 இல் எழுதினர். குபர்நெற்றிஸ் என்னும் மென்பொருள் மூன்றையும் ஒரே குழுவாக இயக்குகிறது. ஒன்று பழுதானால் அதன் வேலையை மற்றவை ஏற்றுக்கொள்ளும்.

அவர்கள் காட்டிய உதாரணம் உருளைக்கிழங்குப் பொரியல். ஒவ்வொரு நிமிடத்திலும் எவ்வளவு பொரிப்பது? கூடினால் ஆறிக் கெடும். குறைந்தால் வரிசை நீளும். பல உணவகங்களின் விற்பனைக் கணக்குகளைத் திரட்டி அனுமானம் செய்ய மேகத்தின் பெருங்கணினிகள் வேண்டும். ஆனால் இந்த நேரத்தில் இந்தக் கடையில் என்ன விற்கிறது, அடுப்பில் என்ன இருக்கிறது என்பதை அறிந்து அந்த அனுமானத்தைத் திருத்தும் வேலை கடைக்குள்ளேயே நடக்கலாம். பல கடைகளின் அனுபவம் ஒரு பக்கம், ஒரு கடையின் கணநேர நிலை மறுபக்கம். இவ்விரண்டும் சேர்ந்தே கணக்கு முடிகிறது.

வேகமே இதன் முதற்பயன் என்று பலர் சொல்வர். கண்ணாடியிழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீற்றர் ஓடும்; ஆயிரம் கிலோமீற்றர் போய்த் திரும்ப ஒரு விநாடியின் நூறிலொரு பங்கு பிடிக்கும். தொழிற்சாலையிலே விரைந்து சுழலும் யந்திரக் கையை அடக்குவதற்கு அத்தாமதமும் பெரிது. பொரியலுக்கு அது ஒரு பொருட்டல்ல. சமையலறைக்கு வேண்டியது இணையம் அறுந்த வேளையிலும் வேலை நில்லாமையே என்பது நம் எண்ணம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாடிக்கையாளர் வரிசையாக நிற்கையில், தந்தி அறுந்த கதையைச் சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்துவது யார்? பணமேசையில் நிற்கும் இளைஞன்தானே!

இதற்குச் செலவில்லாமல் இல்லை. கணினி நிலையத்தில் காவலுண்டு, குளிரூட்டலுண்டு, நிபுணருண்டு. உணவகத்தின் பின்னறையிலோ வெக்கையும் எண்ணெய்ப் பிசுக்குமே துணை. யாரும் கையில் எடுத்துப் போகக்கூடிய சிறு பெட்டி அது. ஆயிரக்கணக்கான இடங்களில் வைத்தபின் அத்தனையையும் காக்க வேண்டும்; மென்பொருளில் ஓர் ஓட்டை தெரிந்தால் அத்தனையிலும் அடைக்க வேண்டும். வாடகைக்கு எடுத்தோர் மறந்திருந்த இந்தக் கவலைகள் கலப்பு முறையிலே திரும்பி வருகின்றன. இதை எண்ணாமல் பெட்டிகளை வாங்கிக் குவிக்கும் ஸ்தாபனம் பின்னர் வருந்தும்.

ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிபுணரை அனுப்புவது நடவாத காரியம். ஆகவே பெட்டி ஒன்று செயலிழந்தால் புதியதொன்றை அனுப்பிவிடுகிறார்கள். கோழி பொரிக்கும் கையே பழையதைக் கழற்றிப் புதியதற்கு இணைப்புக் கொடுக்கிறது. தான் செய்யவேண்டிய வேலை என்னவென்பதை அப்பெட்டி தலைமையிடத்தில் தானே கேட்டறிந்து கொள்கிறது.