பூட்டிய வீட்டின் புறவாசல்

எங்கள் காரியாபட்டியிலும் வைஃபை பெட்டி இன்று வீட்டுப் பொருள்களுள் ஒன்றாகிவிட்டது. அதற்குக் கடவுச்சொல் வைத்ததோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்றே பலரும் எண்ணுகிறோம். தீரவில்லை, நண்பர்களே! பல பெட்டிகளில் ‘டபிள்யூ.பி.எஸ்.’ என்றொரு பொத்தான் இருக்கும். அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

நீண்ட கடவுச்சொல்லைத் தட்டச் சிரமப்படுவோருக்காக 2006-07 வாக்கில் வந்த ஏற்பாடு இது. பொத்தானை அழுத்தினால் 2 நிமிடம் கதவு திறந்திருக்கும். அதற்குள் இவ்வசதியுள்ள கருவி கடவுச்சொல் இல்லாமலே சேர்ந்துகொள்ளும். இதில் பெருங்கேடு இல்லை. (பெட்டியைத் திண்ணை ஓரம் வைத்திருப்போர் மட்டும் யோசிக்கட்டும்!) கேடெல்லாம் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டிலுள்ள 8 இலக்க எண்ணில்தான்.

8 இலக்கம் என்றால் 10 கோடி எண்களாயிற்றே, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க யாரால் இயலும் எனலாம். ஆனால் கடைசி இலக்கம் முந்தைய ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே 1 கோடிதான். அது போகட்டும், பெட்டி இவ்வெண்ணை இரண்டு பாதியாகச் சோதிக்கிறது. முதல் 4 இலக்கம் தவறென்றால் அப்போதே மறுத்துவிடுகிறது. எண்பூட்டில் பாதி எண்கள் பொருந்தியதுமே ‘டக்’கென்று ஒலி கேட்டால் திருடனுக்கு எவ்வளவு வசதி! முதற்பாதிக்கு 10,000, மறுபாதிக்கு 1,000. ஆக 11,000 முயற்சிகளே. ஒன்றுக்கு 3 வினாடி என்று கொண்டாலும் சுமார் 9 மணி நேரம், அதாவது ஓர் இரவு. 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்னும் ஆய்வாளர் இதை வெளியிட்டார். சில பெட்டிகளுக்கு ஓர் இரவுகூட வேண்டாம், சில நிமிடங்களே போதும் என்பது 2014-இல் தெரியவந்தது.

அவ்வெண் கிட்டியவனுக்குக் கடவுச்சொல்லும் கிட்டும். நாம் அதை மாற்றினாலும், புதியதையும் அதே எண்ணால் பெற்றுக்கொள்வான்.

அண்டை வீட்டார் இலவசமாகப் படம் பார்ப்பதோடு முடிகிற காரியமன்று இது. 2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கச் சில நிமிடங்களுக்கு முன் செய்தி நிறுவனங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று சென்றது. அது புறப்பட்ட இடத்தைத் தேடிய காவல்துறை, நவி மும்பையின் சான்பாடாவில் ஒரு வீட்டில் போய் நின்றது. அவ்வீட்டு வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தனர்! அங்கு இந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லை. வைஃபை பூட்டாமலே கிடந்தது. ஆனால் விசாரணை வந்து நிற்கும் வாசல் நம்முடையது என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு யாது?

பரிகாரம் எளிது. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் டபிள்யூ.பி.எஸ். என்பதை அணைத்துவிட வேண்டும். என் அத்தை வீட்டில் நான் அணைத்துக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. மிகப் பழைய பெட்டிகள் சிலவற்றில் அணைத்ததாகக் காட்டியும் உள்ளே அணையாமலிருந்ததுண்டு. அத்தகையவற்றை மாற்றிவிடுவதே நல்லது.