வயிற்று அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வலிநீக்கம்

வயிற்று அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய வலிநீக்கம் என்பது, தோலை வெட்டுவதற்கு முன்பே வலிநீக்க மருந்தைக் கொடுத்து, சிகிச்சைக்குப் பின் வரும் வலியைக் குறைக்க முயலும் முறையாகும். பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம், கருப்பை அகற்றல் போன்ற சிகிச்சைகளில் இது பயன்படுகிறது. மூச்சிழுத்தாலும் இருமினாலும் எழுந்து உட்கார்ந்தாலும் வயிற்றுத் தசை அசைவதால் தையல் போட்ட இடம் வலிக்கும். அதற்கு அஞ்சி நோயாளி இருமாமல் இருந்தால் நுரையீரலில் சளி தேங்கி நிமோனியா வரலாம். நடக்காமல் கிடந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையலாம்.

வரலாறு

முழு மயக்கத்தில் நோயாளி உறங்கினாலும் காயத்தின் சமிக்ஞைகள் மூளையை எட்டிக்கொண்டே இருக்கின்றன என்று அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் 1913 இல் வாதிட்டார். எனவே மயக்க மருந்துடன், வெட்டும் இடத்தையும் மரக்கச் செய்ய வேண்டும் என்றார். 1983 இல் கிளிஃபோர்ட் வூல்ப் எலிகளில் செய்த ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. காயம் பட்டபின் தண்டுவட நரம்புச் செல்கள் மிகையாகத் தூண்டப்பட்டு, சிறு தொடுதலையும் பெரிய வலியாக உணரச் செய்கின்றன என்று அது காட்டியது. அந்தத் தூண்டல் தொடங்குமுன் தடுத்துவிட்டால் பின்வலி குறையும் என்ற கருத்தை 1988 இல் பேட்ரிக் வால் முன்வைத்தார்.

மனிதர்களிடம் முடிவு இவ்வளவு தெளிவாக அமையவில்லை. 80 ஆய்வுகளைத் தொகுத்த 2002 ஆம் ஆண்டு மதிப்பாய்வு, ஒரே மருந்தை வெட்டுக்கு முன் கொடுப்பதற்கும் பின் கொடுப்பதற்கும் பெரும்பாலும் வேறுபாடு இல்லை என்றது. 2005 இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு சில முறைகளில், குறிப்பாக முதுகுத்தண்டு உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் முறையில், பயன் கண்டது. இதற்கிடையே, இத்துறையில் பெரிதும் மேற்கோள் காட்டப்பட்ட ஸ்காட் ரூபனின் 21 கட்டுரைகளில் இட்டுக்கட்டிய தரவுகள் இருந்தது 2009 இல் வெளியானது.

முன்னரே கொடுப்பது வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு வேளை மருந்து, அதன் வேலை முடிந்ததும் தீர்ந்துவிடும். காயமோ பல நாள் சமிக்ஞை அனுப்பும். ஆகவே சிகிச்சைக்கு முன் தொடங்கி, பின்னரும் இடைவெளியின்றித் தொடரும் பன்முக வலிநீக்கமே இன்று ஏற்கப்படுகிறது.

மருந்துகள்

பாராசிட்டமால், டைக்ளோபினாக் போன்றவை அடிப்படை. வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையே மரப்பு மருந்து செலுத்தும் முறை 2001 இல் விவரிக்கப்பட்டது. இப்போது அல்ட்ராசவுண்ட் பார்த்துச் செய்யப்படுகிறது. இது தோல், தசை வலியைத்தான் தடுக்கும். உள்ளுறுப்பு வலிக்கு வேறு மருந்து வேண்டும். மார்பின் வலிமையானது. ஆனால் 1985 ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் உரிமக் கெடுபிடிகளால் இந்தியாவில் அது எளிதில் கிடைக்கவில்லை. 2014 திருத்தம் நடைமுறையைத் தளர்த்தியது.

தமிழ்நாட்டில்

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரி போன்ற ஊர்களிலும் வயிற்று அறுவை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுவே. பெரிய சிகிச்சைகளுக்கு இப்பகுதியினர் நாடக்கூடியவற்றுள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் (கல்லூரி 1965 இல் தொடக்கம்), தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் (2000) அடங்கும்.

சிசேரியனில் ஒரு சிக்கல் உண்டு. டைக்ளோபினாக் போன்றவை வயிற்றுக் குழந்தையின் இதயத்தருகே உள்ள இரத்தக் குழாயைச் சுருக்கக்கூடும் என்பதால், குழந்தை பிறந்த பிறகே தரப்படுகின்றன. வெட்டுக்கு முன் வலியைத் தடுப்பது முதுகில் போடும் மரப்பு ஊசியே. அது சில மணி நேரத்தில் விட்டுவிடும். மரப்பு முழுவதும் விலகும் முன்பே அடுத்த மருந்து கிடைத்தால் தாய் எழுந்து உட்கார்ந்து பாலூட்ட எளிதாகும். வலி முற்றிய பின் கொடுத்தால் கூடுதல் மருந்து தேவைப்படும்.

வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவர்களும் அதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு வரச் சொன்ன நாளில், வலி வராமலிருக்கட்டும் என்று வீட்டில் தாமாக மாத்திரை போட்டுக்கொள்ளக் கூடாது.