கிளினிக் கம்ப்யூட்டரை யாரிடம் ஒப்படைப்பது?

கிளினிக்கிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்விகள்தான். எந்த பிராசசர் நல்லது? ராம் எவ்வளவு வேண்டும்? விலை என்ன? இவற்றை விட முக்கியமான நான்காவது கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. இந்தக் கம்ப்யூட்டரை நாளை முதல் யார் பார்த்துக் கொள்வார்கள்?

வீட்டுக் கம்ப்யூட்டர் இரண்டு நாள் இயங்காவிட்டால் படம் பார்க்க முடியாது, பாட்டுக் கேட்க முடியாது. அவ்வளவுதான். கிளினிக் கம்ப்யூட்டர் அப்படி அல்ல. ஒரு நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சென்ற முறை சர்க்கரை அளவு என்ன, எத்தனை மில்லிகிராம் மாத்திரை கொடுத்தோம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது திறக்காத நாளில், நோயாளி சொல்வதை மட்டும் நம்பி மருந்து எழுத வேண்டியிருக்கும். அந்தத் தகவல் வெளியே கசிந்தால் இன்னொரு தலைவலி. பாஸ்வேர்டை மாற்றிக் கொள்ளலாம். ஒருவருடைய நோய் பற்றிய விவரம் வெளியே போனால் அதைத் திரும்பப் பெற முடியாது.

ஆகவே, ஒரு சிறிய கிளினிக் அல்லது லேப் நடத்துபவர் கம்ப்யூட்டர் பராமரிப்பு நிறுவனத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று இங்கே பார்ப்போம்.

ஏ.எம்.சி. வேறு, மேனேஜ்ட் சர்வீஸ் வேறு

நம் ஊரில் பலருக்கும் தெரிந்தது ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். கம்ப்யூட்டர் கெட்டுப் போனால் போன் செய்வோம். சர்வீஸ் என்ஜினீயர் வந்து சரி செய்வார். உதிரி பாகங்களின் விலையும் சேர்ந்த ஒப்பந்தம் ஒரு வகை. உழைப்புக்கு மட்டும் பணம் கட்டுவது இன்னொரு வகை.

மேனேஜ்ட் ஐ.டி. சர்வீஸ் என்பது கெடுவதற்கு முன்பே பார்த்துக் கொள்வது. ஹார்ட் டிஸ்க் நிரம்புகிறதா, நேற்று இரவு பேக்கப் முடிந்ததா, விண்டோஸ் அப்டேட் ஏறியதா, ஆண்டி வைரஸ் வேலை செய்கிறதா என்பதை அவர்கள் தங்கள் அலுவலகத்தில் இருந்தபடியே கண்காணிப்பார்கள். இதற்கு மாதக் கட்டணம் இருக்கும்.

சிலர் ஏ.எம்.சி. வேலையையே மேனேஜ்ட் சர்வீஸ் என்று பெயர் மாற்றி விற்பதுண்டு. கண்டுபிடிப்பது எளிது. 'ஒவ்வொரு மாதமும் எனக்கு என்ன ரிப்போர்ட் தருவீர்கள்? ஒரு மாதிரி காட்டுங்கள்' என்று கேளுங்கள். உண்மையில் கண்காணிப்பவரிடம் ரிப்போர்ட் இருக்கும்.

இரண்டு பெரிய பாடங்கள்

2017 மே 12ஆம் தேதி வான்னாகிரை என்ற ரேன்சம்வேர் உலகெங்கும் பரவியது. ரேன்சம்வேர் என்பது நம் பைல்களைப் பூட்டி வைத்துவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கைப்படி, வைரஸ் புகுந்த இடங்களில் 595 குடும்ப டாக்டர் கிளினிக்குகளும் அடக்கம். அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. மருந்து இருந்தது, போட்டுக் கொள்ளவில்லை.

2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இதேபோல் தாக்கப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டப்பட்டது. பல நாட்கள் பதிவு, பில், லேப் ரிப்போர்ட் எல்லாம் கையால் எழுதி நடந்தன. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து இ-ஹாஸ்பிடல் டேட்டா மீட்கப்பட்டது.

முதல் சம்பவம் அப்டேட்டின் அருமையைச் சொல்கிறது. இரண்டாவது, தனியாக வைத்த பேக்கப்பின் அருமையைச் சொல்கிறது. பெரிய மருத்துவமனைக்குப் பொருந்துவது, ஒரே கம்ப்யூட்டர் வைத்திருக்கும் கிளினிக்கிற்கும் பொருந்தும்.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள்

1. ரெஸ்டோர் செய்து காட்ட முடியுமா?

'பேக்கப் எடுக்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லாரும் 'ஆமாம்' என்பார்கள். அது போதாது. எடுத்த பேக்கப் திரும்ப வருகிறதா என்பதே கேள்வி. சோதனைக்காகச் சில போலிப் பெயர்களைப் பதிவு செய்து, மறுநாள் அவற்றை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கொள்ளுங்கள். பிறகு இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் போனால் எத்தனை மணி நேரப் பதிவுகள் தொலையும்? எத்தனை மணி நேரத்தில் கிளினிக் மீண்டும் ஓடும்? இரவு 10 மணிக்கு மட்டும் பேக்கப் எடுத்தால், அடுத்த நாள் இரவு 8 மணிக்கு டிஸ்க் கெட்டால் அன்றைய நோயாளிகள் அத்தனை பேரின் பதிவும் போய்விடும்.

பேக்கப் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று கிளினிக்கிற்கு வெளியே என்பது பொதுவான விதி. அதில் ஒன்றாவது நெட்வொர்க்கில் இருந்து துண்டிக்கப்பட்டிருப்பது நல்லது.

2. அப்டேட் யார் பொறுப்பு?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் நோயாளிகளின் விவரங்களை வைத்திருப்பது ஆபத்து. இதை நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லும் நிறுவனம் நல்ல நிறுவனம்.

எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக் கருவிகளோடு வரும் கம்ப்யூட்டர்களின் கதை வேறு. அவை பழைய விண்டோஸில் ஓடலாம். கருவித் தயாரிப்பாளரின் ஒப்புதல் இல்லாமல் அப்டேட் போட்டால் கருவியே நின்று போகலாம். இவற்றை இன்டர்நெட் தொடர்பு இல்லாத தனி நெட்வொர்க்கில் வைப்பதே வழி. உங்களிடம் பேச வருபவருக்கு இந்த விஷயம் தெரிகிறதா என்று பாருங்கள். மருத்துவத் துறையில் அனுபவம் உள்ளவரா என்பது இங்கே தெரிந்துவிடும். வரவேற்பறையில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் வை-ஃபையும் தனியாகவே இருக்க வேண்டும்.

3. எங்கள் நேரத்தில் நீங்கள் இருப்பீர்களா?

பல பராமரிப்பு நிறுவனங்கள் காலை 10 முதல் மாலை 6 வரை வேலை செய்கின்றன. பல கிளினிக்குகளில் கூட்டம் சேர்வதே மாலை 6 மணிக்கு மேல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையும் நோயாளிகள் வருவார்கள். ஒப்பந்தத்தில் உங்கள் நேரம் இருக்கிறதா என்று பார்க்கவும்.

இன்னொரு நுணுக்கம் உண்டு. '30 நிமிடத்தில் ரெஸ்பான்ஸ்' என்றால் 30 நிமிடத்தில் பதில் சொல்வோம் என்றுதான் பொருள். சரி செய்துவிடுவோம் என்று பொருள் அல்ல. இரண்டுக்கும் தனித்தனி நேரம் எழுதச் சொல்லுங்கள். அதேபோல் '99 சதவீதம் இயங்கும்' என்பது கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு மூன்றரை நாட்களுக்கு மேல் நின்று போகலாம் என்று ஆகிறது. 99.9 சதவீதம் என்றால் சுமார் ஒன்பது மணி நேரம்.

4. யார் யார் உள்ளே வருவார்கள்?

ரிமோட் புரோகிராம் மூலம் அவர்களுடைய ஆட்கள் உங்கள் கம்ப்யூட்டரைத் தங்கள் இடத்தில் இருந்தே திறப்பார்கள். எல்லாரும் ஒரே பாஸ்வேர்டில் வந்தால், யார் எதைப் பார்த்தார் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தனி லாகின், அதோடு மொபைலில் வரும் இரண்டாவது சரிபார்ப்பு, வந்து போன பதிவு ஆகிய மூன்றும் வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றே அவர் லாகினை மூட வேண்டும்.

பழுதான ஹார்ட் டிஸ்க்கை மாற்றும்போது பழையது எங்கே போகிறது என்றும் கேளுங்கள். அதில் நோயாளிகளின் விவரங்கள் அப்படியே இருக்கலாம். உங்கள் கண் முன்னால் அழிக்க வேண்டும் அல்லது உங்களிடமே தர வேண்டும்.

5. சாவி யார் பெயரில்?

என்னைக் கேட்டால், ஐந்து கேள்விகளில் இதுவே முதன்மையானது. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்ட், டொமைன் பெயர், இ-மெயில், கிளவுட் கணக்கு, சாஃப்ட்வேர் லைசென்ஸ் அனைத்தும் கிளினிக்கின் பெயரில் பதிவாக வேண்டும். பாஸ்வேர்டுகளின் ஒரு பிரதி மூடிய உறையில் உங்கள் பீரோவில் இருக்கட்டும். மாற்றும் போதெல்லாம் உறையையும் மாற்றுங்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் டேட்டாவை எத்தனை நாளில், எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். அவர்களுடைய புரோகிராமில் மட்டுமே திறக்கும் பைலாகக் கொடுத்தால் பயனில்லை. ஸ்கேன் படங்கள் டைகாம் வடிவிலும், பதிவுகள் எக்ஸெல்லில் திறக்கக் கூடிய சி.எஸ்.வி. போன்ற பொது வடிவிலும் கிடைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், டேட்டாவைச் சேகரிப்பவரையே பொறுப்பாக்குகிறது. அவருக்காக வேறொரு நிறுவனம் அதைக் கையாண்டாலும் பொறுப்பு அவருடையதே. அப்படி ஒப்படைக்க முறையான ஒப்பந்தமும் இருக்க வேண்டும். போதிய பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு அப்போது 18 மாத அவகாசம் தரப்பட்டது.

செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, சைபர் தாக்குதல்களைத் தெரிய வந்த 6 மணி நேரத்திற்குள் அந்த அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும். எனவே தாக்குதல் தெரிந்தவுடன் உங்களுக்கு உடனே சொல்வது யார், புகார் அனுப்புவது யார் என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்க்கவும்.

விளம்பரங்களில் 'ஹிப்பா சான்று பெற்றது' என்று பார்த்து மயங்க வேண்டாம். ஹிப்பா என்பது 1996ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். அமெரிக்க அரசு அப்படி ஒரு சான்றிதழ் எந்த நிறுவனத்திற்கும் வழங்குவதில்லை.

எப்படித் தொடங்குவது?

ஒரே டாக்டர், இரண்டு கம்ப்யூட்டர் உள்ள கிளினிக்கிற்குப் பெரிய நகரத்து நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன ஐந்துக்கும் எழுத்தில் பதில் தரும் உள்ளூர்க்காரர் போதும். ஆனால் ஒரே ஆள் நடத்தும் கடை என்றால், அவர் ஊரில் இல்லாதபோது யார் வருவார் என்பதைக் கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். ஏற்கெனவே அவரிடம் சேவை பெறும் இரண்டு கிளினிக்குகளில் விசாரியுங்கள். 'நன்றாகச் செய்கிறாரா?' என்று கேட்காமல், 'கடைசியாகக் கம்ப்யூட்டர் நின்றபோது எவ்வளவு நேரத்தில் சரியானது?' என்று கேளுங்கள்.

முதலில் மூன்று மாதத்திற்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு முறையாவது ரெஸ்டோர் செய்து காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் செய்து காட்டினால் ஓராண்டுக்கு நீட்டிக்கலாம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிக் கொண்டே போனால், உறையில் உள்ள பாஸ்வேர்டுகளை எடுத்துக் கொண்டு வேறு ஆளைப் பாருங்கள். வேலையைத்தான் மற்றவரிடம் கொடுக்க முடியும். நோயாளி நம்பி வந்தது உங்களை.