கரியமில வாயுவின் வரவு செலவு

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவோ சுமார் 2.3 கிலோ! இது எப்படி? பெட்ரோலில் உள்ள கரி அணு ஒவ்வொன்றும் எரியும்போது காற்றிலுள்ள பிராண வாயு அணுக்கள் இரண்டைச் சேர்த்துக்கொள்கிறது. கூடிய எடை அவற்றினுடையதே.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் 10 லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. பூமியின் வெப்பம் வெளியேறாதவாறு தடுக்கும் வாயு இது. எனவேதான் நாடுகளும் தொழிற்சாலைகளும் இதற்குக் கணக்கு எழுதத் தொடங்கியுள்ளன.

அந்தக் கணக்கில் வரும் சொற்கள் இரண்டு. வெளிவிட்ட அளவு வாயுவைக் காற்றிலிருந்து மீட்டுவிட்டால் அது 'கார்பன் நியூட்ரல்', அதாவது சமநிலை. புகையே இல்லை என்பது இதன் பொருளன்று. 100 டன் வெளிவிட்டு 120 டன் மீட்டால் அது 'கார்பன் நெகட்டிவ்'. நெகட்டிவ் என்றதும் குறை என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே அதுவே மேன்மை!

இமயமலைச் சாரலிலுள்ள பூட்டான் இத்தகைய நாடு. அதன் நிலப்பரப்பில் சுமார் 70 சதவீதம் காடு. குறைந்தது 60 சதவீதம் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்கிறது 2008-இல் இயற்றப்பட்ட அதன் அரசியல் சட்டம். மின்சாரம் பெரும்பாலும் மலையாறுகளிலிருந்து கிடைக்கிறது. மக்கள் தொகையும் சுமார் எட்டு லட்சமே. ஆகவே அங்கு வெளியாகும் வாயுவைவிடக் காடுகள் உறிஞ்சுவது அதிகம்.

அப்படியானால் எல்லோரும் மரம் நட்டால் போதாதா? போதாது. புகை இன்றே வெளியாகிறது. கன்று மரமாகப் பல ஆண்டுகள் ஆகும். மரம் எரிந்தாலும் மட்கினாலும் அது சேர்த்த கரி மீண்டும் காற்றில் கலக்கும். நிலக்கரியோ கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் பூட்டிக் கிடந்த கரி. அதை வெளியே விட்டுவிட்டு, சில பத்தாண்டுகளே நிற்கக்கூடிய மரத்தைக் காட்டிக் கணக்கை நேர் செய்வது சரியாகுமா?

ஆகவே, ஒரு பொருளின் மீது 'கார்பன் நியூட்ரல்' என்ற முத்திரையைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலில் புகையை எவ்வளவு குறைத்தார்கள்? மிச்சத்தை எங்கே, எப்படி மீட்டார்கள்? மீட்டது எத்தனை காலம் அங்கேயே தங்கும்? இவற்றுக்கு விடை இருந்தால்தான் அது கணக்கு. இல்லையேல் வெறும் விளம்பரமே.