பூட்டும் சாவியும் ஒரே வீட்டில்

கணிப்பொறியில் ஒரு விளையாட்டைப் பல நாள் ஆடி, பன்னிரண்டாம் கட்டம் வரை வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்று நிறுத்திவிட்டு நாளை திறந்தால் விட்ட இடத்திலிருந்தே ஆட்டம் தொடர்கிறது. நீங்கள் சேர்த்த காசு, நின்ற இடம் எதையும் அது மறப்பதில்லை. இவற்றை ஒரு சிறு கோப்பில் விளையாட்டு எழுதி வைத்துக்கொள்கிறது. இதுவே சேமிப்புக் கோப்பு.

அந்த விளையாட்டைச் செய்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டால்? நீங்கள் வேறு கருவிக்கு மாறினால்? கோப்பைப் படிக்க வேறு வழி இல்லையெனில் உங்கள் உழைப்பு வீண்தான். ஆகவேதான் ஆர்வலர் பலர் இக்கோப்புகளைத் திறக்கும் நிரல்களை எழுதி, அவற்றின் மூலத்தையும் எல்லோருக்கும் வெளியிடுகிறார்கள். பூட்டிய கோப்பை அவர்கள் எப்படித் திறக்கிறார்கள் என்று பார்ப்போமா?

தெரியாத எழுத்து பூட்டு ஆகுமா?

திருவள்ளூர் மாவட்டத்து ஊத்துக்கோட்டை, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். அவ்வழியே செல்லும் திருப்பதிப் பேருந்தின் தெலுங்குப் பெயர்ப் பலகை, தெலுங்கு படிக்கத் தெரியாதவருக்கு வெறும் சுழிகளாகத் தோன்றும். ஆனால் அதில் இரகசியம் ஏதும் இல்லை. எழுத்தைக் கற்றால் படித்துவிடலாம். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகளும் இப்படித்தான். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எந்தக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்ற அட்டவணை இருந்தால் போதும், கோப்பு மீண்டும் தமிழாகிவிடும்.

சேமிப்புக் கோப்புகள் பலவும் முதலில் இத்தகைய 'தெரியாத எழுத்து'தான். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரையே எழுத முடியும். ஆகவே 500 காசு என்பது 244, 1 என இரண்டு பைட்டுகளாகப் பதிவாகலாம் (244 + 1 × 256 = 500). ஆட்டத்தில் 10 காசு செலவழித்து மறுபடி சேமியுங்கள். இப்போது அதே இடத்தில் 234, 1 இருக்கும். இரு கோப்புகளையும் ஒப்பிட்டால் காசு எழுதப்பட்ட இடம் பிடிபட்டுவிடும். ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கவனிப்பது; ஆய்வகத்தில் ஓம் விதியைச் சோதிக்க நீங்கள் கையாளும் முறையே இது!

எக்ஸ்-ஆர் என்னும் பூட்டு

சில விளையாட்டுகள் உண்மையாகவே பூட்டுப் போடுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் 'எக்ஸ்-ஆர்' கேட் பற்றிப் படிப்பீர்கள். இரண்டு பிட்டுகளும் ஒன்றானால் விடை 0, வேறுபட்டால் 1. நாம் மறைக்க விரும்பும் எண் 9, அதாவது 1001. சாவி 5, அதாவது 0101. இரண்டையும் எக்ஸ்-ஆர் செய்தால் 1100, அதாவது 12. இந்த 12-ஐ மீண்டும் 5-உடன் எக்ஸ்-ஆர் செய்து பாருங்கள். பழைய 9 திரும்பி வந்துவிடும்! பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி, ஒரே செயல்.

ஆனால் ஒரு பலவீனம் உண்டு. 0-வை எக்ஸ்-ஆர் செய்தால் கிடைப்பது சாவியேதான். சேமிப்புக் கோப்புகளில் காலியான இடங்கள் ஏராளம். அங்கெல்லாம் 0-கள் இருக்கும். சாவி தானே வெளியே வந்து நிற்கும் அன்றோ?

2002-இல் வெளிவந்த போக்கிமான் ரூபி, சஃபையர் விளையாட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு போக்கிமானின் முக்கிய விவரங்களும் 48 பைட்டுகளில் எக்ஸ்-ஆர் முறையில் மறைக்கப்பட்டுள்ளன. அந்தப் போக்கிமானுக்குரிய எண்ணையும் அதை முதலில் பிடித்த ஆட்டக்காரரின் எண்ணையும் எக்ஸ்-ஆர் செய்தால் சாவி கிடைக்கும். இவ்விரு எண்களும் அந்த 48 பைட்டுகளுக்குச் சற்று முன்னே மறைக்கப்படாமலே எழுதப்பட்டிருக்கின்றன! அத்துடன், பைட்டுகளைக் கூட்டிய ஒரு சரிபார்ப்புத் தொகையும் உண்டு. தொகை பொருந்தாவிட்டால் போக்கிமானுக்குப் பதில் 'பேட் எக்', அதாவது கெட்ட முட்டை தோன்றும். இந்தக் கோப்புகளைக் கையாளும் பி.கே.ஹெக்ஸ் என்ற திறந்த மூல நிரல், இத்தொகையையும் சரியாகக் கணக்கிட்டு எழுதுகிறது.

வலிய பூட்டு போட்டால்?

2001-இல் அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்ட ஏ.இ.எஸ். முறை மிக வலியது. அதன் 128 பிட் சாவியில் ஏறத்தாழ 3.4 × 10³⁸ வகைகள் உண்டு. நொடிக்கு இலட்சம் கோடி சாவிகளைச் சோதித்தாலும், அனைத்தையும் முடிக்க அண்டத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளைப் போல் ஏறத்தாழ 78 கோடி மடங்கு காலம் வேண்டும்.

ஆயினும் சேமிப்புக் கோப்பில் இந்தப் பூட்டும் முழுப் பயன் தருவதில்லை. ஏன்? இணையம் இல்லாமலே உங்கள் கருவியில் விளையாட்டு தன் கோப்பைத் திறக்கிறது. எனவே சாவி அந்தக் கருவியிலேயே இருந்தாக வேண்டும். பூட்டும் சாவியும் ஒரே வீட்டில்! உங்கள் வங்கிக் கணக்கின் இருப்பு கைப்பேசியில் அல்லாமல் வங்கியின் கணிப்பொறியில் வைக்கப்படுவது இதனால்தான். பயன்படுத்துபவர் கையிலேயே கணக்கேட்டைக் கொடுத்துவிட்டு, பூட்டை மட்டும் நம்ப முடியாது.

கவனிக்க வேண்டியவை

இத்தகைய நிரலை எழுதுவோர் செய்ய வேண்டிய முதல் சோதனை எளியது. கோப்பைத் திறந்து, எதையும் மாற்றாமல் மீண்டும் எழுத வேண்டும். ஒரு பைட்டும் மாறக் கூடாது. மாறினால் எங்கோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். சோதனை எதுவானாலும் கோப்பின் பிரதியில்தான் செய்ய வேண்டும்.

'காசைப் பெருக்கித் தருகிறேன்' என்று வரும் மூலம் காட்டாத நிரல்களைத் தொடாதீர்கள். அவை உங்கள் கடவுச்சொல்லையும் திருடக்கூடும். மூலம் திறந்திருந்தால் அறிந்தவர் எவரும் படித்துச் சோதிக்கலாம்.

நமது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999-இல் வந்த திருத்தம், முறையாகப் பெற்ற நிரலின் இயக்கத்தைக் கவனித்து அதன் அடிப்படைக் கருத்துகளை அறிவதை அனுமதிக்கிறது. ஆனால் பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் பாதுகாப்புப் பூட்டை உடைப்பது, 2012-இல் வந்த திருத்தத்தின்படி குற்றம். பிறருடன் போட்டியிடும் ஆட்டத்தில் கோப்பைத் திருத்துவதோ, தேர்வில் மதிப்பெண்ணைத் திருத்துவது போன்ற மோசடி.

இனி உங்களுக்கு ஒரு புதிர். நான்கு எண்களை ஒரே சாவியால் எக்ஸ்-ஆர் செய்ததில் கிடைத்தவை 5, 6, 8, 6. மூல எண்களில் இரண்டு சுழியங்கள். சாவி எது? மற்ற இரு எண்கள் எவை? அவற்றின் கூட்டுத்தொகை 17 வந்தால் உங்கள் விடை சரி.